கஞ்சா: எந்த நாட்டில் எத்தனை சதவீதம்? எண்ணைப் படிக்கும் முன் நான்கு கேள்விகள்

"அமெரிக்காவில் 22 சதவீதம், இந்தியாவில் 3 சதவீதம்கூட இல்லை." கஞ்சா பயன்பாட்டை நாடு வாரியாக ஒப்பிடும் இப்படிப்பட்ட படங்கள் உங்க வாட்ஸ்அப் குழுவிலும் வந்திருக்கலாம். "அப்போ நம்ம ஊர்ல பிரச்சினையே இல்லை" என்பார் ஒருவர். "அங்கே அத்தனை பேர் எடுக்கிறாங்க, என்ன ஆகிடுச்சு?" என்பார் இன்னொருவர். இரண்டு முடிவுமே தவறு. ஏன் என்று பார்ப்போம்.

ஓராண்டில் ஒரு முறையாவது பயன்படுத்தியவர்கள்:

• அமெரிக்கா (2022): 12 வயதுக்கு மேற்பட்டோரில் 22%
• ஐரோப்பிய ஒன்றியம்: 15 முதல் 64 வயதினரில் சுமார் 8%
• உலகம் (2022, ஐ.நா. மதிப்பீடு): 15 முதல் 64 வயதினரில் சுமார் 4.4%, அதாவது 22.8 கோடி பேர்
• இந்தியா: 10 முதல் 75 வயதினரில் 2.8%

இந்தியக் கணக்கு, மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வில் இருந்து எடுக்கப்பட்டது.

1. எந்த வயது?

நம் கணக்கில் 10 வயதுப் பிள்ளைகளும் 70 வயதுப் பெரியவர்களும் உண்டு. ஐரோப்பியக் கணக்கில் இல்லை. இதனாலேயே நம் சதவீதம் கொஞ்சம் குறைந்து தெரியும். மேலும், தண்டனைக்குரிய பழக்கத்தை வீட்டுக்கு வந்து கேட்பவரிடம் எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை.

2. சதவீதமா, ஆள்கணக்கா?

2.8% என்றால் 3.1 கோடி பேர். 8% உள்ள ஐரோப்பிய ஒன்றியத்திலோ சுமார் 2.3 கோடி பேர்தான். சதவீதத்தில் பின்னால் இருக்கும் நாம், ஆள்கணக்கில் முன்னால் நிற்கிறோம்.

3. எதை எண்ணினார்கள்?

இந்தியாவின் 2.8 சதவீதத்தில் பாங்கும் அடக்கம். கஞ்சா, சரஸ் மட்டும் என்றால் 1.2%, அதாவது சுமார் 1.3 கோடி பேர். செடியின் பூக்கும் நுனி கஞ்சா, பிசின் சரஸ், இலை பாங்கு. என்.டி.பி.எஸ். சட்டம் (1985) இலையை மட்டும் கஞ்சா என்ற வரையறையில் சேர்க்கவில்லை. ஆனால் கஞ்சாவோ சரஸோ கலந்தது சாக்லேட்டாக இருந்தாலும் குற்றமே.

உத்தரப்பிரதேசம், பஞ்சாப், சிக்கிம், சத்தீஸ்கர், டெல்லி ஆகியவற்றில் பயன்பாடு தேசிய அளவைவிட அதிகம் என்கிறது அதே ஆய்வு. அதற்காக, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் வெளிமாநிலத் தொழிலாளியை மாநிலப் பெயரை வைத்துச் சந்தேகப்படாதீங்க. மாநில சதவீதம் தனி மனிதரைப் பற்றி எதுவும் சொல்லாது.

4. எத்தனை பேருக்கு உதவி தேவை?

முக்கியமான கேள்வி இதுதான். 3.1 கோடி பேரில் சுமார் 72 லட்சம் பேர் உடல்நலம், வேலை, குடும்பம் பாதிக்கும் அளவுக்குப் பழக்கத்தில் சிக்கியவர்கள். ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவர். உங்க வீட்டில் அந்த ஒருவர் இருந்தால், நாட்டின் சதவீதம் குறைவு என்பதில் என்ன ஆறுதல்?

அங்கே சட்டம் வேறு, இங்கே வேறு

கனடா 2018-லும், ஜெர்மனி 2024-லும் வயதுவந்தோருக்கு வரம்புடன் அனுமதித்தன. 2022-ல் தளர்த்திய தாய்லாந்து, 2025-ல் மறுபடி இறுக்கியது. சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை.

இங்கே ஒரு கிலோவுக்குக் குறைவாக வைத்திருந்தாலும் ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம். 20 கிலோவைத் தாண்டினால் 10 முதல் 20 ஆண்டுகள். ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளில் விளையும் கஞ்சா, சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலை வழியாகவும் ரயிலிலும் கடத்தப்படுகிறது. எளாவூர் சோதனைச்சாவடியில் வண்டிகளை நிறுத்திப் பார்ப்பது இதற்காகவும்தான். "இந்தப் பையைச் சென்னையில கொடுத்துடுங்க" என்று யார் கேட்டாலும் வாங்காதீங்க.

சிகிச்சைக்குப் போனால் பிடித்துவிடுவார்களா?

பல குடும்பங்கள் இந்தப் பயத்திலேயே மாதக்கணக்கில் மறைக்கின்றன. சட்டத்தின் 64ஏ பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்கான வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு விலக்கப்படலாம்.

அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்கான சிகிச்சை கிடைக்கும். போதை மீட்புக்கென 'கலங்கரை' என்ற பெயரில் 25 மையங்களைத் தமிழ்நாடு அரசு 2025-ல் தொடங்கியது.

போனில் சேமித்து வையுங்கள்

• 14446 – போதை மீட்பு ஆலோசனை
• 14416 – டெலி மானஸ் மனநல ஆலோசனை
• 10581 – போதைப்பொருள் விற்பனை பற்றிப் புகார் தெரிவிக்க