உங்களுக்குத் தெரியுமா? பரணில் கிடக்கும் துப்பாக்கியும் பையில் கிடக்கும் தோட்டாவும்

● நம் நாட்டில் இன்று நடைமுறையில் இருக்கும் ஆயுதச் சட்டம் 1959இல் இயற்றப்பட்டது. அதற்கு முன் இருந்தது, லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது 1878இல் வந்த சட்டம். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் தண்டனைகள் 2019இல் மேலும் கடுமையாக்கப்பட்டன.

● உரிமம் இல்லாத துப்பாக்கி கையில் இருந்தாலே குற்றம். யாரையும் சுட்டிருக்க வேண்டாம், மிரட்டியிருக்கவும் வேண்டாம். குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. துப்பாக்கியே இல்லாமல் தோட்டா மட்டும் இருந்தாலும் இதே தண்டனைதான்.

● பட்டறையில் நாட்டுத் துப்பாக்கி செய்பவருக்கும் விற்பவருக்கும் 7 ஆண்டு முதல் ஆயுள் சிறை வரை.

● தொடர்ந்து சுடும் தானியங்கித் துப்பாக்கி போன்ற தடைசெய்யப்பட்ட ஆயுதங்களை வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டு. 2019க்கு முன் இது 5 முதல் 10 ஆண்டாக இருந்தது. மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் நடிகர் சஞ்சய் தத்துக்கு 2013இல் உச்ச நீதிமன்றம் இறுதிசெய்த 5 ஆண்டுச் சிறை, ஆயுதச் சட்டத்தின்படி விதிக்கப்பட்டதுதான்.

● ஆயுதம் உடம்பில் இருக்க வேண்டியதில்லை. வேறிடத்தில் இருந்தாலும் அது உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால் போதும். ஆனால், அது இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். விமானநிலையச் சோதனையில் பையில் ஒரே ஒரு தோட்டா சிக்கி, ‘தெரியாமல் கிடந்தது’ என்பதை நீதிமன்றம் ஏற்று வழக்கை ரத்துசெய்த தீர்ப்புகள் உண்டு. அதற்குள் எத்தனை அலைச்சல்! கிளம்பும் முன் பையை உதறிப் பாருங்கள்.

● உரிமம் இருந்தாலும் பொதுவாக ஒருவர் 2 துப்பாக்கி வரைதான் வைத்திருக்கலாம். கல்யாண வீட்டில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி கொண்டாட்டமாகச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

● காவலரிடமிருந்தோ படைவீரரிடமிருந்தோ துப்பாக்கியைப் பறித்தால் 10 ஆண்டு முதல் ஆயுள் சிறை வரை.

● வெடிபொருளுக்குத் தனிச் சட்டம், 1908இல் வந்தது. உயிருக்கு ஆபத்தான வெடிப்பை வேண்டுமென்றே நிகழ்த்தினால், ஒருவருக்கும் கீறல் விழாவிட்டாலும் 10 ஆண்டு முதல் ஆயுள் சிறை வரை.

● சந்தேகத்துக்கு இடமான சூழலில் நாட்டு வெடிகுண்டு வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை. ஆர்டிஎக்ஸ் போன்றவை என்றால் ஆயுள் சிறைகூட. ‘நல்ல காரியத்துக்குத்தான் வைத்திருந்தேன்’ என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருந்தவருடையது.

● தமிழகத்தின் மேற்கு மாவட்டங்களில் காட்டுப்பன்றிக்கு இரையில் மறைத்து வைக்கும் அவுட்டுக்காயும் வெடிபொருள்தான். அதைக் கடிக்கும் யானைக்கு வாய் சிதைந்துபோகும். தின்ன முடியாமல் பட்டினியால் துடித்துச் சாகும். யானையைக் கொன்றால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி 3 முதல் 7 ஆண்டு சிறையும் சேரும்.

● சட்டத்தின் கண்ணில் பட்டாசும் வெடிபொருளே. உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்துத் தயாரித்தால் 1884ஆம் ஆண்டின் இன்னொரு வெடிபொருள் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை. அங்கே ஒரு பொறி பறந்தால் போவது குடும்பம் முழுவதும்.

● தாத்தாவின் உரிமத் துப்பாக்கி அவர் காலத்துக்குப் பிறகும் பரணில் கிடக்கிறதா? உரிமம் அவர் பெயருக்கு மட்டும்தான். வாரிசு தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை பக்கத்துக் காவல்நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ தாமதிக்காமல் ஒப்படைத்துவிட வேண்டும்.

● கள்ளத் துப்பாக்கி பற்றித் தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்வதும் சட்டப்படி நம் கடமை. மலைக் கிராமங்களில், தாங்களாகவே ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று காவல்துறை அவ்வப்போது அறிவிக்கிறது. அந்த வாய்ப்பு வரும்போது விட்டுவிடாதீர்கள். இன்றைக்கு ஒப்படைத்துவிட்டால், நாளைக்கு அது உங்கள் வீட்டுக் குழந்தையின் கையில் கிடைக்காது.