டொலருக்குப் போட்ட வேலியும் கணக்கில் விழுந்த எட்டு இலட்சமும்

வியாபாரம் நமது வேலை, கணக்கு கணக்காளரின் வேலை என்று நினைத்துக்கொண்டு பல வருடங்களாகக் கடை நடத்தியவன் நான். அந்த நினைப்பு பிழையானது என்பதை ஒரேயொரு டொலர் ஒப்பந்தம் எனக்குக் கற்றுத் தந்தது. அந்தப் பாடத்துக்கு நான் கொடுத்த விலை, என் மனைவியின் சகோதரரான மச்சானோடு ஒரு வருடத்துக்கு மேல் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தது. இறக்குமதி செய்யும் நமது வர்த்தகர்கள் எவருக்கும் அந்த நிலை வரக்கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

2018ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் ஏறத்தாழ 153 ரூபாவாக இருந்த டொலர், ஒக்டோபர் 26ஆம் திகதி ஆரம்பித்த அரசியல் நெருக்கடிக்குப் பின்னர் இன்னும் வேகமாக ஏறி, வருட முடிவில் 182 ரூபாவைத் தாண்டியது. அந்த டிசம்பரில்தான் நாங்கள் சீனாவுக்கு ஒரு இலட்சம் டொலருக்கு ஹார்ட்வெயார் சாமான்களுக்கு ஓடர் கொடுத்தோம். சரக்கு மே மாதம் வரும், பணமும் மே இறுதியில் கட்ட வேண்டும். டொலர் இருநூறைத் தொட்டுவிடும் என்று சந்தையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் வங்கிக்குப் போய், மே இறுதியில் ஒரு இலட்சம் டொலரை 186 ரூபா வீதம் வாங்குவதாக முற்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்டேன். அதாவது டொலர் எங்கே போனாலும் எனது சரக்கின் விலை 1 கோடி 86 இலட்சம் ரூபாதான். அந்த விலைக்கு மேல் இலாபம் வைத்து விற்கலாம் என்று நிம்மதியாக வீடு திரும்பினேன்.

ஆனால் நடந்தது வேறு. 2019 மார்ச் முடிவில் டொலர் 176 ரூபாவளவில் இறங்கி நின்றது. மார்ச் 31 எங்கள் கம்பனியின் கணக்காண்டு முடியும் நாள். அதே நாளில்தான் மச்சான் கம்பனியிலிருந்து விலகித் தனியாகத் தொழில் செய்யப் போவதாகவும் முடிவாகியிருந்தது. அவர் போட்ட முதலும், அந்த ஆண்டு இலாபத்தில் பாதியும் அவருக்கு என்பது எங்கள் பேச்சு.

கணக்கு வந்தது. மே மாதத்துக்கான டொலரை அன்றைய தினம் வங்கியில் 178 ரூபாவுக்குப் பேசலாம். நாங்களோ 186க்குக் கட்டுப்பட்டிருந்தோம். டொலர் ஒன்றுக்கு 8 ரூபா வீதம் எட்டு இலட்சம் ரூபா நட்டம் என்று இலாப நட்டக் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. மச்சானின் பங்கில் நான்கு இலட்சம் குறைந்தது.

"டொலர்ல சூதாடிப்போட்டு நட்டத்த என்ட தலையில கட்டுறீங்களா மச்சான்?" என்று கேட்டார் அவர். சூது என்ற அந்தச் சொல் எனக்கு முள்ளாகக் குத்தியது. சரக்கைக் காப்பாற்றச் செய்த வேலைக்கு இப்படி ஒரு பெயரா என்று நானும் கோபப்பட்டேன். அவர் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார்.

வேலிக்கும் சூதுக்கும் என்ன வித்தியாசம்?

இந்த மாதிரி ஒப்பந்தத்தை ஆங்கிலத்தில் 'ஹெட்ஜிங்' என்பார்கள். ஹெட்ஜ் என்றால் வேலி. தோட்டம் இருக்கிறவன் வேலி போடுகிறான். ஒரு இலட்சம் டொலருக்கு ஓடர் கொடுத்தவன் ஒரு இலட்சம் டொலரின் விலையைக் கட்டிக்கொண்டால் அது வேலி. ஓடர் ஒரு இலட்சத்துக்கு இருக்க, டொலர் ஏறும் என்ற ஆசையில் ஒன்றரை இலட்சத்துக்கு ஒப்பந்தம் செய்தால், மேலதிகமான ஐம்பதாயிரம் தோட்டமில்லாத வேலி. அதனைச் சூது என்று மச்சான் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

நமது நாட்டில் இந்தச் சொல்லுக்கே கெட்ட பெயர் வரக் காரணம், 2007, 2008ஆம் ஆண்டுகளில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் வங்கிகளோடு செய்துகொண்ட எண்ணெய் ஒப்பந்தங்கள். அது டொலர் விலை பற்றியதல்ல, எண்ணெய் விலை பற்றியது. எண்ணெய் ஏறினால் கூட்டுத்தாபனத்துக்குக் கிடைக்கும் நன்மைக்கு எல்லை இருந்தது, இறங்கினால் ஏற்படும் சுமையோ மிகப் பெரியது. 2008 ஜூலையில் பீப்பாய் 147 டொலர் வரை ஏறிய எண்ணெய், அந்த வருட முடிவுக்குள் 40 டொலரளவில் விழுந்தது. வழக்குகள் இலண்டன் வரை போய், கூட்டுத்தாபனம் ஒரு வங்கிக்கு மட்டும் சுமார் 16 கோடி டொலர் கொடுக்க வேண்டும் என்று 2011இல் தீர்ப்பு வந்தது. ஆகவே, எந்தப் பக்கம் எவ்வளவு போகும் என்று தெரியாத ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டாம் என்பது முதல் பாடம்.

குறித்த எதிர்காலத் திகதிக்கு நாணயம் வாங்கும் ஒப்பந்தம் பற்றி மார்க்க ரீதியான கேள்வியும் நம்மவர்களுக்கு உண்டு. இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்துக்குப் பதிலாக, ஒரு தரப்பு மட்டும் வாக்குறுதி கொடுக்கும் முறையை இஸ்லாமிய வங்கிகள் பயன்படுத்துகின்றன. அதன் தீர்ப்பை உலமாக்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். நான் சொல்ல வருவது, விலை கட்டிய பிறகு அது கணக்கில் எங்கே போகிறது என்பதைத்தான்.

நட்டம் எங்கே எழுதப்படுகிறது?

2020இல் அடுத்த ஆண்டுக் கணக்கைச் செய்தபோது, எங்கள் கணக்காளரான இளைஞர் என்னைக் கூப்பிட்டார். 2019 ஏப்ரலுக்குப் பிறகு நமது கடைகளில் வியாபாரம் எப்படி இருந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அப்படியிருந்தும் அந்தச் சீனச் சரக்கில் மட்டும் இலாபம் வழமையை விடக் கூடுதலாகத் தெரிந்தது.

"ஹாஜியார், இந்த இலாபம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்" என்று சொல்லி ஒரு தாளில் எழுதிக் காட்டினார். சரக்கு வந்த நாளில் டொலர் 176 ரூபா. எனவே புத்தகத்தில் சரக்கின் விலை 1 கோடி 76 இலட்சம். வங்கிக்கு நாங்கள் கொடுத்ததோ 1 கோடி 86 இலட்சம். வித்தியாசமான 10 இலட்சத்தில் 8 இலட்சம் முந்தைய ஆண்டிலேயே நட்டமாக எழுதப்பட்டுவிட்டது. மீதி 2 இலட்சம்தான் இந்த ஆண்டில் வந்தது. ஆக, 186 இலட்சத்துக்கு வாங்கிய சரக்கு, இந்த ஆண்டின் கணக்கில் 178 இலட்சத்துக்கு வாங்கியது போல நிற்கிறது. மச்சான் இருந்த ஆண்டு நட்டத்தைச் சுமந்தது. அவர் இல்லாத ஆண்டு இலாபத்தை எடுத்தது. இரண்டு ஆண்டையும் கூட்டினால் ஒரு சதம் கூட வித்தியாசமில்லை. ஆனால் பங்கு பிரித்தது ஒரு ஆண்டில்தான்.

இதற்கு மாற்று வழி இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றார். இடர்காப்புக் கணக்கீடு என்பது அதன் பெயர். 2018 ஜனவரி முதல் இலங்கையில் நடைமுறைக்கு வந்த எஸ்.எல்.எப்.ஆர்.எஸ் 9 என்ற நியமத்தில் அது விரிவாக இருக்கிறது. சிறிய, நடுத்தரக் கம்பனிகளுக்கான நியமத்திலும் அதற்குச் சுருக்கமான வழி உண்டு. அந்த முறையில், சரக்கு வருவதற்கு முன் ஒப்பந்தத்தில் ஏற்படும் இலாபமோ நட்டமோ இலாப நட்டக் கணக்குக்குப் போவதில்லை. ஏனைய முற்றடக்க வருமானம் என்ற பகுதியூடாக, ஐந்தொகையில் ஒரு தனி ஒதுக்கத்தில் காத்திருக்கும். எஸ்.எல்.எப்.ஆர்.எஸ் 9இன்படி, சரக்கு வந்ததும் அந்தத் தொகை சரக்கின் விலையோடு சேர்க்கப்படும். 176 இலட்சத்தோடு 10 இலட்சம் சேர்ந்து 186 இலட்சம் என்று நான் மனதில் போட்ட அதே விலை புத்தகத்திலும் நிற்கும். சரக்கு விற்கும்போதுதான் அது இலாபத்தைத் தொடும். அப்படிச் செய்திருந்தால் 2019 மார்ச்சில் மச்சானின் பங்கில் ஒரு சதமும் குறைந்திருக்காது.

"அப்படியென்றால் ஏன் அப்படி எழுதவில்லை?" என்றேன்.

"நீங்கள் ஒப்பந்தம் செய்த அன்று ஒரு வரி கூட எழுதி வைக்கவில்லையே ஹாஜியார்" என்றார்.

எழுதி வைப்பதே வேலி

இந்தச் சலுகை தானாக வருவதில்லை. வேலி போடும் நாளிலேயே அதனை எழுத வேண்டும். எந்த ஒப்பந்தம், எந்த ஓடரைக் காப்பாற்றுகிறது, எந்த இடரிலிருந்து, எவ்வளவு தொகைக்கு, இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்று எப்படிப் பார்ப்போம் என்பவை அதில் இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் எழுதிப் பணிப்பாளர்கள் கையொப்பமிட்டால் போதும். நட்டம் தெரிந்த பிறகு பழைய திகதியிட்டு எழுத முடியாது. அப்படி அனுமதித்தால், இலாபம் வந்தால் இந்த ஆண்டில் காட்டி, நட்டம் வந்தால் ஒதுக்கத்தில் மறைக்க எல்லோருக்கும் வழி திறந்துவிடும். எங்கள் கணக்கு விதிப்படி சரியாகவே செய்யப்பட்டிருந்தது. தவறு என்னுடையது.

இன்னும் இரண்டு விடயங்களை மனதில் வைக்க வேண்டும். ஓடர் இரத்தாகி, சரக்கு வராது என்று உறுதியானால், ஒதுக்கத்தில் காத்திருந்த தொகை உடனே இலாப நட்டக் கணக்குக்கு வந்துவிடும். அடுத்தது, சரக்கு ஏற்கனவே வந்து, டொலர் கடன் மட்டும் நிலுவையில் இருந்தால் இந்த ஏற்பாடு பெரும்பாலும் தேவைப்படாது. அந்தக் கடன் ஆண்டு முடிவில் அன்றைய வீதத்தில் மதிக்கப்பட்டு, வித்தியாசம் இலாப நட்டத்துக்குப் போகும். ஒப்பந்தத்தின் வித்தியாசமும் அங்கேயே எதிர்ப்பக்கமாக வந்து ஏறத்தாழ ஈடுசெய்துவிடும்.

வேலி நினைத்த நேரத்தில் கிடைக்கும் என்றும் எண்ணக்கூடாது. 2021 ஜனவரியில் வங்கிகள் இவ்வாறான ஒப்பந்தங்கள் செய்வதை மத்திய வங்கி நிறுத்தி வைத்தது. 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாத நடுப்பகுதியில் 360 ரூபாவளவுக்குப் போனது. கடனுக்குச் சரக்கெடுத்து, பழைய விலைக்கு விற்று முடித்தவர்கள் பட்ட பாட்டை நமது சந்தை மறக்கவில்லை.

கணக்காளர் தாளில் எழுதிக் காட்டிய அன்று மாலையே நான்கு இலட்சத்துக்குக் காசோலை எழுதிக்கொண்டு மச்சானின் வீட்டுக்குப் போனேன். விதி எனக்குச் சாதகமாக இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பணம் அவருடையது என்பதும் உண்மை. அவர் காசோலையைப் பார்க்கவில்லை. கணக்காளர் எழுதிய தாளைத்தான் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, "இத அன்டைக்கே எழுதி வெச்சிருக்கலாமே மச்சான்" என்றார்.

இப்போது எனது மேசை இலாச்சியில் ஒரு கொப்பி இருக்கிறது. டொலர் விலையைக் கட்டும் ஒவ்வொரு நாளும், வங்கியிலிருந்து திரும்பியதும் தேநீருக்கு முன் அதில் ஒரு பக்கம் எழுதுகிறேன். பங்காளியோடு தொழில் செய்பவர்கள் அனைவரும் இப்படி ஒரு கொப்பியை வாங்கிக்கொள்வது நல்லது.