ஏழு தடவை நீண்ட கை
1995 நத்தாரின் நினைவு

1995ஆம் ஆண்டின் மார்கழியை நினைக்குந்தோறும் மூன்று செய்திகள் ஒன்றோடொன்று பிணைந்தே எம் நெஞ்சில் எழுகின்றன. ஒன்று, பாலன் பிறப்பு. மற்றையது, யாழ்ப்பாணத்தின் வீழ்ச்சி. மூன்றாவது, மெல்பேர்ண் மைதானத்தில் ஒரு நடுவர் ஏழு தடவை நீட்டிய கை.

அப்பொழுது நாம் சிட்னியில், எம்மவர் செறிந்து வாழும் ஹோம்புஷ் பகுதியில் குடியிருந்தோம். ஊரில் மார்கழிப் பனியில் நடுங்கியபடி நள்ளிரவுத் திருப்பலிக்குச் சென்று பழகிய எமக்கு, அவுஸ்திரேலியாவின் கோடை வெயிலில் வரும் நத்தார் என்றுமே அந்நியமானது. ஆயினும் அம்மா தவறாது கேக் செய்வார். பாலன் குடில் கட்டுவார். அவ்வாண்டு குடில் இருந்தது, கொண்டாட்டம் இருக்கவில்லை.

ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாதையால் தென்மராட்சிக்கு நடந்தார்கள். அந்த மக்கள் வெள்ளத்தில் குருநகரிலிருந்த எமது சின்னம்மாவும் இருந்தார் என்பதற்கு மேல் எமக்கு ஒன்றும் தெரியாது. டிசம்பர் 5ஆம் திகதி யாழ். நகரில் சிங்கக்கொடி ஏற்றப்பட்ட செய்தி வந்தது. சின்னம்மாவின் செய்தி வரவில்லை.

அவருடைய மகன் எம்முடனேயே இருந்தான். அவனது அகதி விண்ணப்பம் அதற்கு முந்திய மாதந்தான் நிராகரிக்கப்பட்டிருந்தது. முழங்கைக்குக் கீழே இருந்த தழும்பைக் காட்டி, அது தடுப்புக்காவலில் ஏற்பட்டதென அவன் சொன்னதை விசாரித்த அதிகாரி நம்பவில்லை. திருப்பலி முடிந்து வீடு திரும்பிய பின்னிரவில், சிற்றலை வானொலியில் பி.பி.சி. தமிழோசையைத் தேடிப் பிடித்து நாம் எல்லோரும் அதனைச் சுற்றி அமர்ந்திருந்தோம். மேசையிலிருந்த கேக்கை எவரும் தொடவில்லை.

மறுநாள் டிசம்பர் 26. சிட்னித் துறைமுகத்திலிருந்து ஹோபார்ட் நோக்கிப் பாய்க்கப்பல்கள் போட்டியிட்டுப் புறப்படும் நாள். மெல்பேர்ணிலோ அவுஸ்திரேலியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான டெஸ்ட் ஆட்டத்தின் முதல் நாள். பிள்ளைகள் தொலைக்காட்சியைப் போட்டதும் அப்பா சினந்தார்.

“அந்தக் கொடிக்குக் கீழ விளையாடுறவையை இந்த வீட்டில பார்க்கத் தேவையில்லை.”

“பெரியப்பா, முரளி எங்கட பெடியன்தானே,” என்றான் தம்பி.

அப்பா மறுமொழி கூறாது பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரனுக்கு அப்பொழுது வயது 23. மைதானத்தில் 55,000 பேருக்கு மேல் கூடியிருந்தனர். பிற்பகலில் அவர் பந்து வீசியபோது, பந்துவீசும் முனையில் நின்ற நடுவர் டரல் ஹெயர் கையைப் பக்கவாட்டில் நீட்டி ‘நோபோல்’ என்றார். முரளி பந்தை வீசவில்லை, எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. மூன்று ஓவர்களில் ஏழு தடவை அந்தக் கை நீண்டது. அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க மைதானத்தை விட்டு வெளியே சென்று ஆலோசனை பெற்று வந்தார்.

அப்பா பத்திரிகையைத் தாழ்த்தினார். “என்னவாம்?”

“கையை மடிச்சு எறியிறானாம்.”

தொலைக்காட்சி அந்தக் கையை மெதுவாகவும் மிக மெதுவாகவும் திரும்பத் திரும்பக் காட்டியது. தம்பி தன் முழங்கையைத் தடவியபடி பார்த்துக்கொண்டிருந்தான். அடுக்களை வாசலில் நின்ற அம்மாதான் கேட்டார்: “அவன்ர கை ஏன் அப்பிடியெண்டு ஆரும் அவனைக் கேட்டவையோ?”

தம்பி எழுந்து வெளியே போய்விட்டான்.

முரளி மறுமுனைக்கு மாற்றப்பட்டார். அங்கு நின்ற நியூசிலாந்து நடுவர் ஸ்டீவ் டன் அவரது பந்துகளில் குறை காணவில்லை. ஒரே கை, ஒரே வீச்சு. ஆனால் இரு முனைகளில் இரு தீர்ப்புகள். அன்று மாலை வரை தொலைக்காட்சியை அணைக்கும்படி அப்பா சொல்லவில்லை.

1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் முரளியின் கை ஆராயப்பட்டது. பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை அது. எறிவதுபோற் தோன்றியது கண்ணின் மயக்கமே என ஆய்வாளர் முடிவு கூறினர். அதே ஆண்டு மார்ச் 17இல் லாகூரில் இலங்கை அணி அவுஸ்திரேலியாவை வென்று உலகக் கிண்ணத்தைப் பெற்றது. 2010இல் காலியில் முரளி தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தி விடைபெற்றார்.

பிற்காலத்தில் அவர் கூறிய அரசியற் கருத்துகள் எம்மவரிற் பலரைப் புண்படுத்தின என்பதையும் மறைப்பதற்கில்லை. 2020இல் அவரது வாழ்க்கையைக் கூறும் திரைப்படத்திலிருந்து நடிகர் விஜய் சேதுபதி விலக நேர்ந்ததும் அதனாலேயே. அப்பா உயிரோடிருந்திருந்தால் மீண்டும் பத்திரிகையால் முகத்தை மறைத்திருப்பார். ஆயினும் 1995இன் அந்தப் பிற்பகலில் எம் வீட்டார் பார்த்தது ஓர் அணியையோ ஒரு கொடியையோ அன்று. தன் உடலே தனக்கு எதிரான சாட்சியாக நிறுத்தப்பட்ட ஓர் இளைஞனையே.

பங்குனியில், கொடிகாமத்திலிருந்து எழுதப்பட்ட சின்னம்மாவின் கடிதம் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக வந்து சேர்ந்தது. தம்பியின் மேன்முறையீட்டில் ஒரு மருத்துவர் அவனது தழும்பைப் பரிசோதித்து அறிக்கை எழுதினார். அது ஏற்கப்பட்டு, அவனுக்கு வதிவிட உரிமை கிடைத்தது.

இன்றும் எம்மவர் எத்தனையோ பேர் இத்தகைய மேசைகளின் முன் அமர்ந்திருக்கின்றனர். தீர்ப்புக்கூறும் கை நீளுமுன் கேட்கப்படவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதனை அன்று அடுக்களை வாசலில் நின்று எங்கள் அம்மா கேட்டுவிட்டார்.