மருந்து அடிக்கும்போது தூரம்தான் பாதுகாப்பு: பழத்தோட்டமும் கேமராவும்

உங்களில் பலர் ஒரு காலத்தில் செபராங் பிறை தோட்டங்களில் டாங்கியை முதுகில் சுமந்து மருந்து அடித்திருப்பீர்கள். இன்று பாலிக் புலாவ் பக்கம் பிள்ளைகளின் டுரியான், ரம்புத்தான் தோட்டத்தில் உதவி செய்பவராக இருக்கலாம். அல்லது அத்தகைய தோட்டத்தின் அருகில் குடியிருக்கலாம். இந்தக் கையேடு உங்களுக்காக எழுதப்பட்டது.

டிராக்டரில் கேமரா எதற்கு?

ஆஸ்திரேலியா, ஐரோப்பா போன்ற இடங்களில் சமதளப் பழத்தோட்டங்களில் டிராக்டர் முன்னே செல்லும். பின்னால் இழுத்துச் செல்லும் இயந்திரம், பெரிய காற்றாடியின் வேகத்தில் மருந்தை மரங்களின் மேல் பனிபோல் வீசும். எந்த முனையாவது அடைத்துக்கொண்டதா, மருந்து சரியாக விழுகிறதா என்று ஓட்டுநர் அடிக்கடி திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். கழுத்து வலிக்கும். சரியாகத் தெரியாதபோது கண்ணாடியைத் திறப்பார். கதவைத் திறந்து இறங்குவார். அந்த நேரத்தில் மருந்துப் பனி அவர் மேல் படும்.

இதைத் தவிர்க்கத்தான் பின்பக்கம் கேமரா பொருத்துகிறார்கள். ஓட்டுநர் மூடிய அறைக்குள் இருந்தபடியே சிறிய திரையில் எல்லாவற்றையும் பார்க்கலாம்.

ஆனால் கேமரா மருந்தைத் தடுக்காது. குளிர்சாதனம் இருப்பதால் மட்டும் அறை பாதுகாப்பானது ஆகிவிடாது. சாதாரண வடிகட்டி தூசியைத்தான் நிறுத்தும்; மருந்தின் ஆவியை நிறுத்தக் கரி வடிகட்டி வேண்டும். கேமராக் கண்ணாடியைத் துடைக்க, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கையுறை அணிந்துதான் இறங்க வேண்டும்.

நம் மலைத்தோட்டத்தில் என்ன செய்வது?

நம் சரிவுகளில் டிராக்டர் ஏறுவது கடினம். பெரும்பாலும் நடந்துதான் மருந்து அடிக்கிறோம். ஆனால் பாடம் ஒன்றுதான்: மருந்துக்கும் உங்கள் உடலுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறதோ, அவ்வளவு நல்லது. மருந்து மூச்சு வழியாக மட்டும் நுழைவதில்லை. தோல் வழியாகவும் நுழைகிறது.

• காற்று உங்களை விட்டு விலகி வீசும் பக்கமாக நின்று அடியுங்கள். பலத்த காற்றில் அடிக்க வேண்டாம்.
• நீண்ட கைச்சட்டை, கையுறை, பூட்ஸ், முகக்கவசம், கண்ணாடி அணியுங்கள்.
• அடைத்த முனையை ஒருபோதும் வாயால் ஊத வேண்டாம். கையுறையுடன், பழைய பல்துலக்கியாலும் தண்ணீராலும் சுத்தம் செய்யுங்கள்.
• மருந்தைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பேரப்பிள்ளைகள் குடித்துவிடக்கூடும்.
• அருகில் வசிப்பவர்கள், மருந்து அடிக்கும் நேரத்தில் சன்னல்களை மூடுங்கள். காயும் துணிகளை உள்ளே எடுத்துவிடுங்கள்.

வீட்டு ஸ்டோரில் பழைய பாராகுவாட் இருக்கிறதா? அந்தக் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. சிறிதளவு விழுங்கினாலும் உயிருக்கு ஆபத்து. பயன்படுத்தாதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். எப்படி ஒப்படைப்பது என்று விவசாய இலாகாவிடம் கேளுங்கள்.

இந்த அறிகுறிகளைக் கவனியுங்கள்

தலைவலி, தலைசுற்றல், வாந்தி, அதிக வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், மங்கலான பார்வை, தசைத் துடிப்பு, மூச்சுத் திணறல். வயதானவர்கள் இதை இரத்த அழுத்தம் என்றோ வெயில் மயக்கம் என்றோ நினைத்துப் படுத்துவிடுவதுண்டு. அப்படிச் செய்யாதீர்கள். அன்று தோட்டத்தில் மருந்து அடித்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளையும் சொல்லுங்கள்.

உடனே செய்ய வேண்டியவை

1. மருந்து அடித்த இடத்தை விட்டு நல்ல காற்றுள்ள இடத்துக்கு வாருங்கள்.
2. மருந்து பட்ட உடையைக் கழற்றி, தோலைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவுங்கள்.
3. கண்ணில் பட்டால், ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள்.
4. விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.
5. மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் உடனே 999 எண்ணை அழையுங்கள். மருந்துப் போத்தலின் லேபலை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ஆலோசனைக்குத் தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 எண்ணில் அழைக்கலாம். அந்த மையம் நம் பினாங்கிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

பல ஆண்டுகள் மருந்து அடித்து ஒன்றும் ஆகவில்லை என்று சிலர் சொல்வார்கள். வயதாக ஆக உடலின் தாங்கும் சக்தி குறைகிறது. இந்த வேலையை இளையவர்களிடம் பாதுகாப்போடு செய்யச் சொல்லுங்கள். நீங்கள் தள்ளி நின்று வழிகாட்டுங்கள்.