பறக்கும் காகிதம், பாடும் கப்பல்

ஹவானாவில் ஓட்டுக்கூரை ஒன்றின் மேல் நிற்கிறேன். சற்றுத் தள்ளி ஒரு காகிதம் அந்தரத்தில் மெல்லச் சுழன்றுகொண்டிருக்கிறது. எடுக்கலாம் என்று கிட்டே போனதும் நழுவிவிட்டது. கூரை விளிம்பைத் தாண்டி, சந்துக்குக் குறுக்கே நீட்டியிருந்த மரச்சட்டத்தின் மேலாக மிதந்து, எதிர்வீட்டு மாடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. நானும் பின்னாலேயே ஓடுகிறேன். தாவ வேண்டிய இடத்தில் அரை நொடி பிந்தினேன். தெருவில் போய் விழுந்தேன். அண்ணாந்து பார்த்தால் காகிதத்தைக் காணோம். மறுபடி சுவரேறிப் போனால், புறப்பட்ட இடத்திலேயே ஒன்றும் நடக்காதது போலச் சுழன்றுகொண்டிருந்தது. நான்காவது தடவைதான் கையில் சிக்கியது. புதையல் வரைபடமோ ரகசியக் கடிதமோ இல்லை. அது ஒரு பாட்டு.

2013 அக்டோபரில் யூபிசாஃப்ட் வெளியிட்ட ‘அசாசின்ஸ் கிரீட் 4: பிளாக் ஃபிளாக்’ கேம் இது. கதை 1715-ல், கரீபியன் கடலில் தொடங்குகிறது. வேல்ஸிலிருந்து பிழைப்புத் தேடி வந்து கடற்கொள்ளையனாகிவிட்ட எட்வர்ட் கென்வேதான் நாயகன். அவனுடைய கப்பலின் பெயர் ‘ஜாக்டா’. ஹவானா, கிங்ஸ்டன், நசாவ் என மூன்று பெரிய ஊர்கள்; அவற்றுக்கு இடையே கடலெங்கும் சிதறிக் கிடக்கும் தீவுகள். கதையைத் தொடராமல் சும்மா கப்பல் ஓட்டிக்கொண்டிருந்தாலும் கேட்பாரில்லை. ஓப்பன் வேர்ல்டு என்பதன் சுகமே அதுதான்.

இந்த வகை கேம்களில் பொறுக்கிச் சேர்க்க ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். இதே வரிசையின் இரண்டாவது கேமில் 100 இறகுகள். ‘செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டு’ கேமில் கொரோக் விதைகள் 900. சேர்க்கச் சேர்க்கத் திரையோரத்தில் எண் ஏறும். சேர்த்து முடித்த இறகு எங்கே போனது, அதனால் அந்த உலகத்தில் என்ன மாறியது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. காகிதத்தைத் துரத்துவதும் புதிதல்ல. இந்த வரிசையின் முந்தைய கேமில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் பஞ்சாங்கத் தாள்கள் இதே மாதிரிதான் பறந்தன. பிளாக் ஃபிளாக் செய்த புதுமை, பிடித்த தாளை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதில் இருக்கிறது.

அது மாலுமிகளின் வாய்க்குப் போய்ச் சேர்கிறது. துறைமுகத்தை விட்டு வெளியே வந்து பாயை விரித்ததும், கப்பல் தளத்திலிருந்து ஒரு குரல் முதல் அடியை எடுத்துக் கொடுக்கிறது. மற்றவர்கள் மொத்தமாகச் சேர்ந்துகொள்கிறார்கள். எண்ணிக்கை ஏறுவதோடு அடங்காமல், ஊரில் தனியாளாக ஓடிப் பிடித்தது கடலில் ஒரு கூட்டத்தின் பாட்டாகிவிடுகிறது. இந்தப் பாட்டுகளால் வாள் கூர்மையாகாது, பீரங்கிக்கு வலு கூடாது. ஆனாலும் கதையை நிறுத்திவைத்துவிட்டு இரவு பதினோரு மணிக்குத் தீவு தீவாகத் தாள் தேடிப் போயிருக்கிறேன். அடுத்த பயணத்துக்கு ஒரு புதுப் பாட்டு இருக்கும் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஷான்ட்டி என்று பெயர் பெற்ற இந்தப் பாட்டுகள், பாய்மரக் கப்பல்களின் தொழிற்பாட்டுகள். கரைவலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டைக் கேட்டவர்களுக்கு இதன் அமைப்பை விளக்கவே வேண்டாம். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ போட்டு இழுக்கிறார்களே, அதேதான். எந்த வேலைக்கு எந்தப் பாட்டு என்பது மாலுமிகளுக்கு அத்துப்படி. பாயை மேலேற்றும் கயிற்றை விட்டு விட்டு இழுக்க வேண்டும். அதற்கு இரண்டு இடத்தில் அழுத்தம் விழும் பாட்டு. நங்கூரத்தைத் தூக்க உருளையைச் சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். அதற்கு நடை தளராத நீளப் பாட்டு. ‘பேடி டாய்ல்ஸ் பூட்ஸ்’ என்ற குட்டிப் பாட்டுக்கு ஒரே ஒரு வேலை. குறுக்குமரத்தில் நின்று கனத்த பாயைச் சுருட்டி ஏற்றும்போது, கடைசிச் சொல்லில் எல்லோரும் ஒரே மூச்சில் தூக்குவார்கள். கேமில் அதுவும் இருக்கிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பாட முடியாத பாட்டு அது. அதையும் மறக்காமல் சேர்த்த கைக்கு என் வணக்கம்.

வரலாறு தெரிந்தவர்கள் இங்கே ஒரு குறை சொல்வார்கள். நியாயமான குறைதான். ஷான்ட்டிகளின் பொற்காலம் 19-ஆம் நூற்றாண்டு. குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு பெரிய பாய்களை இழுக்க வேண்டியிருந்த வணிகக் கப்பல்களில்தான் அவை செழித்தன. 1715-ன் கொள்ளையர் கப்பலில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. கேமில் வரும் பாட்டுகளில் பெரும்பாலானவை எட்வர்ட் காலத்துக்குப் பிந்தியவை. 1701-ல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட கேப்டன் கிட்டைப் பற்றிய பாட்டு போன்ற ஒன்றிரண்டுதான் காலத்தோடு ஒட்டுபவை. ஆனால் கொள்ளையர்களுக்கு இசைமேல் பிரியம் இருந்தது உண்மை. கேமில் ஒரு பாத்திரமாகவே வரும் பார்த்தலோமியோ ராபர்ட்ஸ் தன் கப்பலுக்கு எழுதிவைத்த விதிகள், 1724-ல் வெளியான கொள்ளையர் வரலாற்று நூலில் அச்சாகியிருக்கின்றன. அதில் ஒரு விதி, இசைக்காரர்களுக்கு ஞாயிறு ஓய்வு உண்டு என்கிறது. அந்த ஒருநாள் ஓய்வைச் சட்டமாக்க வேண்டிய அளவுக்கு மற்ற நாட்களில் அவர்களை வாசிக்க வைத்திருக்கிறார்கள்! இந்தக் காலப் பிழையை நான் மனதார மன்னித்துவிட்டேன்.

மன்னிக்க இன்னொரு காரணமும் உண்டு. நிஜ வாழ்க்கையிலும் இந்தப் பாட்டுகளை ஆட்கள் துரத்தித்தான் பிடித்தார்கள். நீராவிக் கப்பல்கள் வந்ததும் இழுக்கக் கயிறு இல்லை. கயிறு இல்லாத இடத்தில் பாட்டுக்கு வேலை இல்லை. பாடியவர்கள் கிழவர்களாகிக் கரையொதுங்கினார்கள். 1914-ல் செசில் ஷார்ப் என்ற நாட்டுப்பாடல் சேகரிப்பாளர், இங்கிலாந்தின் வாட்செட் என்ற சிறு துறைமுகத்தில் ஜான் ஷார்ட் என்ற ஓய்வுபெற்ற மாலுமியைத் தேடிப் போனார். எழுபதைத் தாண்டிய மனிதர். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஷான்ட்டிகளை அவர் பாட, ஷார்ப் எழுதிக்கொண்டார். பில்லி ரைலி, ஸ்டார்மலாங் ஜான், பேடி டாய்ல் எல்லாம் அந்தக் கிழவரின் பட்டியலிலும் இருக்கின்றன, ஜாக்டாவின் தளத்திலும் ஒலிக்கின்றன. ஜான் ஷார்ட்டுக்கு இன்று வாட்செட் கடற்கரையில் சிலை இருக்கிறது. அவருக்குப் பின் ஸ்டான் ஹ்யூகில். 1929-ல் கரைதட்டி உடைந்த ‘கார்த்பூல்’ என்ற பாய்மரக் கப்பலில் பாட்டெடுத்துக் கொடுத்தவர் அவர். தன் நினைவில் இருந்ததையும் பழைய மாலுமிகளிடம் கேட்டதையும் சேர்த்து 1961-ல் பெரிய தொகுப்பாக வெளியிட்டார். காற்றில் போகிற தாளைக் கூரை கூரையாகத் துரத்துவது எனக்கு வெறும் விளையாட்டாகத் தோன்றாமல் போனது, இவர்களைப் பற்றிப் படித்த பிறகுதான்.

கேமுக்காகப் பாடியவர்களையும் சொல்ல வேண்டும். மாண்ட்ரீல் இசைக்கலைஞர் ஷான் டாகர் தலைமையில் நில்ஸ் பிரௌன், கிளேட்டன் கென்னடி, மிக்கியேல் ஷ்ரே போன்றோர் பாடியிருக்கிறார்கள். குரல்களை மெருகேற்றி மேடைக் கச்சேரி ஆக்கிவிடவில்லை. மூச்சு வாங்குவது கேட்கிறது, ஒருவர் கொஞ்சம் முந்திவிடுவதும் கேட்கிறது. வேலை செய்துகொண்டே பாடுகிற ஆட்களின் சத்தம் அது.

பாட்டைத் தேடவைக்கும் கேம்கள் வேறும் உண்டு. ‘மெட்டல் கியர் சாலிட் 5’ கேமில் 1984-ன் ஆப்கானிஸ்தான். எதிரி முகாமில் எங்கோ பாப் பாட்டு ஒலிக்கும், சத்தத்தை வைத்தே கேசட்டைத் தேடி எடுக்க வேண்டும். ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’வில் இடுகாட்டோரச் சிள்வண்டுகளைப் பிடித்தால் புல்லாங்குழலுக்கு ஒரு மெட்டு கிடைக்கும், வாசித்தால் வானிலை மாறும். இரண்டுமே அழகானவை. ஆனால் அங்கே கேட்பவர் தனியாக இருக்கிறார்.

பிளாக் ஃபிளாக்கில் துரத்திப் பிடிக்க முடியாத ஒரு பாட்டும் உண்டு. கதை முடியும் தறுவாயில் கடற்கொள்ளைக்காரி ஆன் போனி பாடும் ‘தி பார்ட்டிங் கிளாஸ்’ என்ற விடைபெறும் பாட்டு. அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த சாரா கிரீன் பாடியிருக்கிறார். எட்வர்டின் தோழர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்ட பிறகு வருகிறது. மேப்பில் அதற்குக் குறியீடு கிடையாது.

இனி என் சொந்தப் பழக்கம் ஒன்று. ‘லீவ் ஹர், ஜானி’ என்ற பாட்டை மாலுமிகள் பயணத்தின் கடைசி நாளில், கப்பலை விட்டு இறங்கும் நேரத்தில்தான் பாடுவார்களாம். கேமில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. எப்போது வேண்டுமானாலும் வரும். அது தெரிந்ததிலிருந்து, முதல் அடி காதில் விழுந்ததுமே பட்டனை அழுத்தி அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன். இரண்டு மாதம் அப்படித்தான் ஓட்டினேன். கதை முடிந்து, கடைசித் தாளும் கைக்கு வந்த அன்று, நசாவை நோக்கிப் போகும்போது அது தானாக வந்தது. பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். துறைமுகம் கண்ணுக்குத் தெரிந்தது. பாட்டு பாதிகூட ஆகவில்லை. பாயை இறக்கினால் பாட்டும் நின்றுவிடும். சுக்கானைத் திருப்பி, அவர்கள் பாடி முடிக்கும்வரை கரைக்கு வெளியே வட்டமடித்துக்கொண்டிருந்தேன்.