கால்கள் சுமக்கும் சுமை

பெரம்பலூர்ப் பகுதியில் விளையும் சின்ன வெங்காயத்தை நிறுத்துப் பார்த்தே விலை கூறுவர். அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றிவரும் லாரிகளை எடைமேடையில் நிறுத்தி எடை காண்பர். சுமையை அளந்தறிதல் இவ்விரு மாவட்ட மக்களுக்கும் புதியதன்று. ஆயின், மருத்துவமனையில் இரவும் பகலும் நடந்து நோயாளரைப் பேணும் செவிலியரின் உடலுழைப்பை எத்தராசில் நிறுப்பது?

இதற்கும் அறிவியல் ஒரு வழி கண்டுள்ளது. செவிலியர் தம் உடையில் சிறு சிட்டை ஒன்றை அணிந்துகொள்வர். அச்சிட்டை நுண்ணிய வானொலிக் குறிகளை விடுக்கும். சுவரிலும் கூரையிலும் பொருத்தப்பெற்ற கருவிகள் அவற்றை ஏற்கும். எந்தக் கருவியைக் குறி எவ்வளவு வலிமையோடு அடைந்தது என்பதைக் கொண்டு, சிட்டை அணிந்தவர் இருக்குமிடத்தைக் கணிப்பொறி கணிக்கும். அவ்விடங்களை வரிசையாக இணைத்தால், அவர் நடந்த வழியும் தொலைவும் புலனாகும். சாலையில் விரையும் 108 ஊர்தியின் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் கொண்டு அறியலாம். கட்டடத்தினுள் அக்குறி வலுவிழந்துவிடும். ஆதலின் உள்ளே இம்முறை வேண்டப்படுகிறது.

அமெரிக்க நாட்டில் 36 மருத்துவமனைகளைச் சேர்ந்த 767 செவிலியரைக் கொண்டு, இத்தகைய கருவிகளின் துணையோடு ஓர் ஆய்வு நிகழ்ந்தது. அதன் முடிவுகள் 2008ஆம் ஆண்டில் வெளிவந்தன. பத்து மணி நேரப் பகற்பணியில் ஒரு செவிலியர் ஏறத்தாழ 1.6 முதல் 8 கிலோமீட்டர் வரை நடந்தார் என்று அது காட்டியது.

இக்கணக்கால் விளையும் பயன் யாது? மருந்துப் பேழை நோயாளரின் கட்டிலிலிருந்து 25 மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். ஒருமுறை சென்று மீள 50 மீட்டர். நாற்பது முறை சென்று மீள 2 கிலோமீட்டர். பேழையை அருகில் வைத்தால் நடை குறையும். மிஞ்சும் நேரம் நோயாளருக்குக் கிட்டும். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12ஆம் நாள் திறக்கப்பெற்றது. இவ்வாறு புதியனவாக எழும் மருத்துவமனைகளில் எப்பொருளை எங்கே வைப்பது, எத்துணைப் பேரைப் பணியில் அமர்த்துவது என்பவற்றை முடிவுசெய்ய இத்தகைய கணக்கு உதவும்.

எனினும், சிட்டை அனைத்தையும் அறியாது. நோயாளரைத் தூக்கி அமர்த்தும்போது முதுகு தாங்கும் பாரத்தையோ, அழும் குழந்தையின் அருகே அசையாது நிற்கும் பொறுமையையோ அது காட்டாது. மேலும், பணியாளரின் இசைவு பெற்றே இதனைப் பயன்படுத்தல் வேண்டும். அவரை வேவு பார்க்கும் கருவியாக அது மாறுமாயின், சுமையைக் குறைக்க வந்ததே புதுச் சுமையாகிவிடும் அன்றோ? பிறர் உழைப்பை அளப்பது, அவரை மேலும் விரட்டுவதற்கன்று. அவர் சுமையைப் பகிர்ந்துகொள்வதற்கே.