பரணிலிருந்து இறங்கிய கணிப்பொறி

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நம் குடும்பங்களில், பழைய கணிப்பொறி ஒன்று பரணிலோ கட்டிலின் அடியிலோ கிடவாத வீடு அரிது. எறிய மனம் வாராது. எடுத்து இயக்கவும் வழி தெரியாது. அத்தகைய ஒன்றை நம் இல்லத்து இணைய இணைப்பில் சேர்க்க நாம் பட்ட பாட்டை அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம். நாம் பொறியியல் கற்றவரல்லோம். பள்ளியிறுதி தேறி இரயில்வேயில் எழுத்தராக இருப்பவரே. ஆதலின் கற்றறிந்தோர் ஈண்டுப் பிழை காணின் பொறுத்தருள்க.

வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து எட்டு ஆண்டுகளாகக் கார்வேட்டிநகரத்தில் குடியிருக்கிறோம். ஊரில் இரயில் நிலையம் இல்லை. பேருந்தில் புத்தூர் சென்று, அங்கிருந்து வண்டியேற வேண்டும். ஆயினும் வாடகை குறைவு. வேணுகோபால சுவாமி கோயிலும் ஸ்கந்த புஷ்கரணியும் இருக்கும் அமைதியான ஊர். இல்லாளின் பிறந்தகமாகிய திருத்தணியும் தொலைவன்று. 1911ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டம் அமைந்தபோது இவ்விரண்டு ஊர்களும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. கார்வேட்டிநகரம் ஆந்திரத்தில் நின்றது. எல்லைக்குக் கோடு போட்டவர்கள் கொள்வினை கொடுப்பினைக்குக் கோடு போடவில்லை. அதனாலன்றோ தமிழ்நாட்டு அரசு தந்த மடிக்கணினி ஒன்று ஆந்திரத்து வீட்டுக்குச் சீர்வரிசை போல வந்து சேர்ந்தது!

தமிழ்நாட்டில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அத்திட்டத்தின் முதல் ஆண்டுகளில் நம் மைத்துனர் பெற்ற கணினி, அவர் படித்து முடித்து வேலைக்குச் சென்றபின் பரண் ஏறிற்று. சென்ற பொங்கலுக்குச் சென்றிருந்தபோது, “மாமா, இது இங்கே சும்மாதானே கிடக்கிறது. பாப்பாவுக்கு ஆகுமென்றால் எடுத்துக்கொண்டு போங்கள்” என்றார். “ஓடுமா தம்பி?” என்றோம். “ஓடும். ஆனால் நெட்டில் சேராது” என்று சிரித்தார்.

நமக்கோ அது நெட்டில் சேர்ந்தே தீரவேண்டிய நிலை. நம் அன்னையார் சொந்த ஊரில் தனியே இருக்கிறார். செவிப்புலன் முற்றும் போய்விட்டமையால் தொலைபேசியில் அவரோடு பேசுதல் இயலாது. மாதம் ஒரு கடிதம் எழுதுவார். பேத்தியின் பெயருக்கே எழுதுவார். பேத்திக்கு ஒன்பது வயது. பள்ளியில் ஆங்கிலமும் தெலுங்கும் கற்கிறாள். தமிழ் பேசுவாள், தமிழெழுத்து அறியாள். தன் பெயருக்கு வந்த கடிதத்தைத் தானே படிக்க மாட்டாமல், நாம் பணி முடிந்து வரும்வரை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். சிற்சில நாள் நாம் வருமுன் உறங்கிப் போவாள்.

தமிழ் இணையக் கல்விக்கழகம் என்றொரு நிறுவனம் உண்டு. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் தமிழர்க்காக 2001ஆம் ஆண்டு தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்னும் பெயரில் தோன்றியது அது. எழுத்தறிவிக்கும் மழலைக்கல்வி முதல் பட்டப்படிப்பு வரை அதில் உள்ளன. பெரியதொரு மின்னூலகமும் உண்டு. ஆனால் வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி நம்மோடு பணிக்கு வந்துவிடும். புதுக் கணினி வாங்க நம் சம்பளம் இடங்கொடாது. ஆகவே மைத்துனரின் பழங்கணினியைத் துணியிற் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினோம்.

இணைப்புக்குக் குறைவில்லை. 2017ஆம் ஆண்டு டிசம்பர் 27 அன்று குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் ஆந்திரத்தின் ஃபைபர்நெட் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மண்ணைத் தோண்டிப் புதைப்பதற்கு மாறாக, மின்கம்பங்களின் மீதே ஒளியிழையைக் கட்டி ஊரூராகக் கொண்டு சென்றமை இத்திட்டத்தின் சிறப்பு. மின்சாரம் சென்ற சிற்றூர்க்கெல்லாம் இழையும் செல்லலாயிற்று. நம் தெருவிலும் இழை கம்பத்து வழியேதான் வருகிறது. அதன் முனையில் ஒரு மோடம் சுவரில் பொருத்தப்பட்டிருக்கிறது.

முதல் முட்டுக்கட்டை வைஃபை. மடிக்கணினி தெருவிலுள்ள அண்டை வீட்டார் பெயர்களையெல்லாம் காட்டிற்று. நம் வீட்டின் பெயரை மட்டும் காட்டவில்லை. இரண்டு நாள் விழித்தபின் உண்மை விளங்கிற்று. மோடம் 2.4, 5 என்னும் இருவகைக் கிகாஹெர்ட்ஸ் அலைகளில் பேச வல்லது. அம்மடிக்கணினி 2.4 ஒன்றையே கேட்க வல்லது. முன்னொரு நாள், வேகம் மிகும் என்று எவரோ சொல்லக் கேட்டு, 2.4 அலையை நிறுத்தியவர் நாமே! பிறரைக் குறை கூற வழியில்லாமற் போயிற்று.

அவ்வலையை மீண்டும் திறந்திருக்கலாம். ஆனால் சுவர் இரண்டைக் கடந்து வரும் அலையை நம்புவதினும் கம்பியை நம்புதல் மேல் என்று துணிந்தோம். பழங்கணினி வைத்திருப்போர் அனைவர்க்கும் நாம் கூறுவது இதுவே: முதலில் லேன் கேபிளைச் செருகிப் பாருங்கள். வைஃபையின் பூட்டுமுறை காலந்தோறும் மாறிவந்துள்ளது. 2006ஆம் ஆண்டுக்கு முற்பட்ட கருவிகள் பல, இன்று வழங்கும் டபிள்யூபிஏ2 என்னும் பூட்டை அறியா. அவற்றுள் சில அறிந்த டபிள்யூஇபி என்னும் பழம்பூட்டோ எளிதில் உடைபடுவது. கிழக்கணினி ஒன்றின் பொருட்டு வீடு முழுவதற்கும் பழம்பூட்டை மாட்டுதல் கூடாது. கேபிளுக்கு இத்தொல்லையே இல்லை. ஈதர்நெட் எனப்படும் அம்முறையை 1973ஆம் ஆண்டு அமெரிக்காவில் ராபர்ட் மெட்காஃப் வகுத்தார். 1983இல் அது பொதுத் தரமாயிற்று. இருபது ஆண்டு மூத்த கணினியையும் இன்றைய மோடத்தில் செருகினால், இரண்டும் தமக்குள் பேசி, எவ்வேகம் இருவர்க்கும் இயலுமோ அவ்வேகத்தில் ஒத்துப்போகும். முதியோரை மதிக்கும் பண்பு இயந்திரத்தில் இங்குத்தான் கண்டோம். 100 மீட்டர் வரை கேபிள் இழுக்கலாம்; நமக்கு 15 மீட்டரே தேவைப்பட்டது. மோடத்தின் பின்புறம் லேன் என்றெழுதிய துளைகள் உண்டு. ஒன்றில் ஒரு முனை, மடிக்கணினியின் பக்கவாட்டில் மறுமுனை. செருகியவுடன் சிறு விளக்கு மினுக்கிற்று. பயணிக்குப் படுக்கை எண் ஒதுக்குவது போல் மோடமும் தானே ஒரு முகவரியைக் கொடுத்தது.

மகள் கைகொட்டினாள். அம்மகிழ்ச்சி ஒரு நிமிடமே நிலைத்தது.

எந்தத் தளத்தைத் திறந்தாலும், ‘இது பாதுகாப்பானதன்று’ என்னும் எச்சரிக்கையே வந்தது. நகரத்துக் கடை ஒன்றில் காட்டினோம். திறந்தும் பாராமல், “இதைப் பழைய இரும்புக்குப் போடுங்கள் சார்” என்றார் கடைக்காரர். திரும்பி வருகையில் பேருந்திலேயே மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு சோர்ந்திருந்தோம். அப்போதுதான் திரையின் மூலையில் இருந்த தேதி கண்ணிற் பட்டது. 2011ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள்!

இரயில்வேயில் இருப்பவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை. ஒவ்வொரு தளமும் ஒரு சான்றிதழைக் காட்டுகிறது; இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று அதில் குறித்திருக்கும். கணினி அதைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிடுகிறது. பதினைந்து ஆண்டுக்கு முந்திய நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறும் பரிசோதகர், பயணிகள் அனைவரையும் கள்ளச் சீட்டுக்காரர் என்றே முடிவு செய்வார். நம் கணினி அதையே செய்துகொண்டிருந்தது.

கணினியை அணைத்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓடச் செய்வது உள்ளேயிருக்கும் ஒரு சிறு வட்ட மின்கலம், சிஆர்2032 என்பது பெரும்பாலும் அதன் பெயர், 3 வோல்ட். பரணில் கிடந்த காலத்தில் அது செத்துவிட்டது. மேசைக் கணிப்பொறியில் அதை நகத்தால் நெம்பி எடுக்கலாம். மடிக்கணினியிலோ பெரும்பாலும் கருந்தோல் சுற்றி, இரு சிறு கம்பிகளோடு இருக்கும். கம்பியோடு கூடியதையே கேட்டு வாங்க வேண்டும். அது கிடைக்கும்வரை, இயக்கும்போதெல்லாம் தேதியைக் கையால் திருத்தினாலே போதும். இணையம் தானே நேரத்தைத் திருத்தாதோ எனின், திருத்தும். கணினிகள் வலையின் வழியே நேரம் கேட்டறியும் முறையை 1985ஆம் ஆண்டிலேயே டேவிட் மில்ஸ் என்பார் வகுத்துத் தந்தார். ஆனால் வீட்டுக் கணினியில் விண்டோஸ், தன் கடிகாரம் 15 மணி நேரத்துக்கு மேல் பிழைபட்டிருந்தால் அத்திருத்தத்தை ஏற்க மறுத்துவிடும். சிறு பிழையைத் திருத்திக்கொள்வான், பெரும் பிழையை ஒப்புக்கொள்ளான் என்று நம் அலுவலகத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்வதுண்டு. அது நிற்க.

நம் இருப்புப்பாதைக்கு இச்சிக்கல் புதிதன்று. 1906ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இந்தியத் திட்ட நேரம் வருமுன், ஊருக்கொரு நேரம் வழங்கிற்று. இரயில்கள் மட்டும் சென்னை நேரத்தையே கைக்கொண்டன. சென்னை வானாய்வுக் கூடத்தின் கணிப்பைத் தந்தி வழியே நிலையங்கள் பெற்றன. அந்நேரம் இன்றைய நேரத்துக்கு ஏறத்தாழ 9 நிமிடம் பின்தங்கியது. அன்று தந்தி செய்த வேலையை இன்று அந்த 15 மீட்டர் கேபிள் செய்கிறது.

தேதியைத் திருத்தியதும் சில தளங்கள் திறந்தன, சில திறக்கவில்லை. காரணம் கணினியின் வயது. அதிலிருந்த விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2020ஆம் ஆண்டு ஜனவரி 14 உடன் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. எக்ஸ்பிக்கு 2014லேயே நிறுத்தியது. அன்றியும், கோடிக்கணக்கான தளங்கள் சார்ந்திருந்த மூலச்சான்றிதழ் ஒன்று 2021ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று காலாவதியாயிற்று. பட்டியல் புதுப்பிக்கப்படாத பழங்கருவிகள் பல அன்று முதல் தடுமாறின. இத்தகைய கணினியில் வங்கிக் கணக்கையோ பயணச்சீட்டுக் கணக்கையோ திறத்தல் தகாது.

வழி லினக்ஸ்தான். விலையில்லாதது, எளிய கணினியிலும் ஓடுவது. அரசு தந்த அம்மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் ஆக்கியது அது. நம் கணினியிலும் இருந்தது. மைத்துனர் ஒரு நாளும் திறந்ததில்லையாம். அதுவும் பழையதாகிவிட்டமையால், உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் எடையற்ற புதிய லினக்ஸ் ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றித் தந்தார். முயல்வோர் இதைக் கவனிக்க: கணினி 32 பிட்டா 64 பிட்டா என்று முதலில் பாருங்கள். 2011 அளவில் வந்தவை பெரும்பாலும் 64 பிட், கவலையில்லை. அதற்கும் முந்தியவை 32 பிட்டாயின், 2025ஆம் ஆண்டு வந்த டெபியன் 13ஐ அவற்றில் நிறுவ இயலாது. பழைய 12ஐயே நாட வேண்டும்.

நிறுவுமுன் உள்ளிருப்பதைப் படியெடுத்துக்கொள்ளல் வேண்டும். நாம் பார்த்தபோது மைத்துனரின் கல்லூரிப் படங்களினிடையே, காலஞ்சென்ற நம் மாமனார் திருத்தணி மலைப்படியில் அமர்ந்து சிரிக்கும் படம் ஒன்று இருந்தது. அப்படி ஒரு படம் உண்டென்பதே வீட்டில் எவர்க்கும் தெரியாது. இல்லாள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அன்று லினக்ஸ் நிறுவவில்லை, மறுநாள்தான்.

அது இப்போது ஓடுகிறது. நினைவகம் 2 ஜிபி மட்டுமே. இரண்டு மூன்று பக்கங்களுக்கு மேல் ஒருங்கே திறந்தால் மூச்சுத் திணறுகிறது. படக்காட்சிகள் தயங்கித் தயங்கி வருகின்றன. ஆயினும் மழலைக்கல்விப் பாடத்துக்கு அது போதும். மாலையில் நாம் புத்தூரில் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் மகள் அ, ஆ எழுதுகிறாள். தமிழ்99 விசைப்பலகையையும் அமைத்துக் கொடுத்தோம். உயிரெழுத்தெல்லாம் இடக்கைப் பக்கம் இருப்பது அவளுக்கு வேடிக்கையாக இருக்கிறது.

சென்ற மாதம் அன்னையார் கடிதம் வந்த நாளில் நாம் வீடு திரும்ப இரவு ஒன்பதாயிற்று. கடிதம் பிரித்துக் கிடந்தது. பாதிவரை தானே படித்ததாகவும், ‘ஞ’ வந்த இடத்தில் நின்றுவிட்டதாகவும் மகள் கூறினாள். மீதியைச் சேர்ந்து படித்தோம்.

கேபிள் இன்னும் நடையின் குறுக்கேதான் கிடக்கிறது. பெருக்கும்போதெல்லாம் துடைப்பத்தில் சிக்கிக் கழன்றுவிடுகிறதென்று இல்லாளிடமிருந்து நாள்தோறும் முறையீடு. சம்பளம் வந்ததும் சுவரோரம் அடிக்க ஒரு பொட்டலம் கிளிப் வாங்க வேண்டும்.